கார்பெட் ட்ராக்குக்கு டூரிங் கார் செட்டப்: பெஞ்ச்ல ஆரம்பிச்சு ட்ராக் வரைக்கும்

ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) டூரிங் கார கார்பெட் விரிச்ச ட்ராக்ல ஓட்டப் போறீங்கன்னா முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, தார் தரையில நம்ம தலைவலி க்ரிப் பத்தலங்கறது, கார்பெட்ல அப்படியே தலைகீழ், க்ரிப் ஜாஸ்தி. டயர் கார்பெட்ட கவ்விப் பிடிச்சுக்கும், கார் சைட்ல வழுக்காம வெளிப்பக்கமா சாயும், அதுக்கும் மேல பிடிச்சா உள்பக்க வீல் ரெண்டும் தூக்கி கார் அப்படியே உருண்டுரும். இதைத்தான் ட்ராக்ஷன் ரோல்னு சொல்றோம். அதனால கார்பெட் செட்டப்ல பாதி வேலை இருக்கற க்ரிப்ப உருளாம பயன்படுத்திக்கறது, மீதி பாதி காரோட இடது வலது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்ய வைக்கறது. இந்த ரெண்டாவது பாதியைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, எல்லாரும் எந்த ஸ்ப்ரிங் எந்த ஆயில்னுதான் கேக்கறாங்க. தார்ல கொஞ்சம் கோணலா இருக்கற கார் கூட சமாளிச்சு ஓடிடும், கார்பெட் அதை மன்னிக்காது, லெஃப்ட் திரும்பும்போது ஒரு கார் ரைட் திரும்பும்போது வேற கார்னு ஆயிடும்.

நான் இங்க சொல்றது 1/10 ஸ்கேல் எலக்ட்ரிக், நாலு வீலும் பெல்ட்ல ஓடற 190 எம்எம் அகலக் கார், ரப்பர் டயர், 2எஸ் லிப்போ (ரெண்டு செல் லித்தியம் பேட்டரி), இந்த வகைக்கு. எக்ஸ்ரேவோ யோகோமோவோ முகெனோ டாமியாவோ, எந்தக் கம்பெனி காரா இருந்தாலும் வழி ஒண்ணுதான். நம்பர் எல்லாம் ஆரம்பிக்கற இடம் மட்டும்தான். உங்க கிட்டுக்கு கம்பெனியே கார்பெட் செட்டப் ஷீட் போட்டிருந்தா அதைப் ப்ரிண்ட் எடுத்து, அதுல இருக்கற ஷிம் (இடைவெளி, உயரம் சரி பண்ண வைக்கற மெல்லிசான வளையம்) கணக்கு எல்லாத்தையும் முதல்ல அப்படியே போடுங்க, அதுக்கப்புறம் மாத்தலாம். வேற காரோட ஷீட்ல இருந்து ரோல் சென்டர் (வளைவுல கார் எந்தப் புள்ளிய சுத்தி சாயுதோ அது) மட்டும் எடுத்துப் போடறது, நண்பர் கார்ல இருந்து ஸ்ப்ரிங் மட்டும் எடுத்துப் போடறது, இதெல்லாம் வேண்டாம், ஜியாமெட்ரி ஒவ்வொரு காருக்கும் வேற.

பெஞ்ச் வேலை

ஷாக் நாலையும் கழட்டிடுங்க, ஆன்ட்டி ரோல் பாரோட (கார் சாயறதைக் குறைக்க இடது வலது ஆர்ம இணைக்கற கம்பி) லிங்க்கையும் கழட்டிடுங்க. இப்ப ஒவ்வொரு ஆர்மையும் (வீல சேசிஸோட இணைக்கற கை) வீல் ஹப்போட மேல தூக்கி விட்டுப் பாருங்க, அது தன்னோட எடையிலயே தானா கீழ விழணும், பாதியில நிக்கக் கூடாது, தடவித் தடவி இறங்கக் கூடாது. நின்னுச்சுன்னா ஒண்ணு பால் கப் (லிங்க் முனையில குண்டு மேல மாட்டற மூட்டு) டைட்டா இருக்கும், இல்ல ஹின்ஜ் பின் (ஆர்ம் ஆடற அச்சு) லேசா வளைஞ்சிருக்கும், இல்ல ஆர்முக்கும் மவுன்ட்டுக்கும் நடுவுல ஷிம் அதிகமா போட்டு நெருக்கிட்டிருக்கும். பால் கப் டைட்னா பால்ல மாட்டின நிலையிலயே ப்ளையர வச்சு கப்ப மெதுவா ஒரு அமுக்கு அமுக்கினா லூஸ் ஆகும், இல்ல ரீமர் இருந்தா உள்ள ஒரு சுத்து விடுங்க. வளைஞ்ச பின்ன நிமித்தி மறுபடி போடாதீங்க, மாத்திடுங்க. இதுல போற ஒரு மணி நேரம் அப்புறம் ட்ராக்ல எந்த ஸ்ப்ரிங் மாத்தினாலும் கிடைக்காத டைம குடுக்கும், ஏன்னா சிக்கிக்கிற சஸ்பென்ஷன்ல நீங்க போடற எந்த மாத்தத்துக்கும் கார் ஒழுங்கா பதில் சொல்லாது, மாத்தினது வேலை செஞ்சதா சஸ்பென்ஷன் சிக்கினதான்னே பிரிச்சுப் பாக்க முடியாது.

ட்ரைவ்ட்ரெய்னும் அதே மாதிரிதான். பினியன (மோட்டார்ல இருக்கற சின்ன பல் சக்கரம்) ஸ்பர்ல (அது சுத்தற பெரிய பல் சக்கரம்) இருந்து விலக்கிட்டு வீல விரலால ஒரு தட்டு தட்டுங்க, நல்லா சுத்திட்டு மெதுவா நிக்கணும். பெல்ட் ரொம்ப டைட்டா இருந்தா ஸ்பீடும் போகும் மோட்டாரும் சூடாகும், ரொம்ப லூஸா இருந்தா பிரேக் அடிக்கும்போது பல்லு தாண்டும், டக் டக்னு சத்தம் கேக்கும். பினியன் ஸ்பர் மெஷ்ல ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு துண்டு பேப்பர் விட்டு நெருக்கி டைட் பண்ணிட்டு பேப்பர உருவுங்க, அந்த இடைவெளி போதும். ஸ்பர்ர ஒரு முழு சுத்து சுத்தி நாலஞ்சு இடத்துல ஆட்டம் பாருங்க, சில ஸ்பர் முழு வட்டமா இருக்காது.

ஷாக்குகள்ல முக்கியம் நாலும் நல்லா இருக்கறதை விட ஜோடி ஜோடியா ஒண்ணு போல இருக்கறது. வெர்னியர் காலிப்பர்ல முழுசா இழுத்த நீளத்தை அளந்து முன்னாடி ஜோடி ஒரே அளவு, பின்னாடி ஜோடி ஒரே அளவுன்னு வச்சுக்கோங்க. ஆயில் ஊத்தி காத்துக் குமிழி எல்லாம் மேல வர்ற வரைக்கும் விட்டுட்டு மூடுங்க, அப்புறம் ரெண்டையும் ஸ்ப்ரிங் இல்லாம பக்கத்துப் பக்கத்துல வச்சு ஷாஃப்ட்ட உள்ள தள்ளி விட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே அளவு திரும்பி வரணும். ஒண்ணு வேகமா வெளிய வந்து இன்னொண்ணு உள்ளயே கிடந்தா மறுபடி ப்ளீட் பண்ணுங்க, அதாவது உள்ள இருக்கற காத்த வெளியேத்துங்க. ஆயில் 400ல இருந்து 450 சிஎஸ்டிக்குள்ள (ஆயில் எவ்வளவு கெட்டிங்கறதோட அளவு) ஆரம்பிக்கலாம். வெயிட் நம்பரும் சிஎஸ்டி நம்பரும் ஒண்ணு இல்ல, ஒரு கம்பெனியோட 35 இன்னொரு கம்பெனியோட 35 கிடையாது, அதனால வாங்கும்போதே சிஎஸ்டி எழுதின பாட்டிலா பாத்து வாங்கி ஒரே ப்ராண்ட்ல நின்னுக்கோங்க.

முன்னாடி ஸ்பூல், அதாவது ரெண்டு முன் வீலும் லாக் ஆன மாதிரி சுத்தறது, பின்னாடி கியர் டிஃப், அதாவது ரெண்டு வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல், இதுதான் கார்பெட்ல வழக்கமான அமைப்பு. பின் டிஃப்ல 5000ல இருந்து 7000 சிஎஸ்டி ஆயில் போட்டு ஆரம்பிங்க. ஸ்பூல் இருக்கறதால ஸ்டியரிங் முழுசா திருப்பும்போது முன் வீல் தடதடன்னு நடுங்கும், அதைக் குறைக்கத்தான் முன்னாடி டபுள் ஜாயிண்ட் ட்ரைவ் ஷாஃப்ட் போடறாங்க, உங்க கிட்ல சாதா ஷாஃப்ட் வந்திருந்தா முதல்ல வாங்க வேண்டிய ஆப்ஷன் பார்ட் அதுதான்னு நான் சொல்லுவேன், டைட்டானியம் ஸ்க்ரூ எல்லாம் அப்புறம்.

செட்டப் போர்டுல எது முன்ன எது பின்ன

தட்டையான போர்டு ஒண்ணு கண்டிப்பா வேணும். அலுமினியம் செட்டப் போர்டு இருந்தா சந்தோஷம், இல்லன்னா கனமான கண்ணாடித் தகடு போதும், மேஜை மேல நேரா வைக்காதீங்க, மர மேஜை எதுவும் நீங்க நினைக்கற அளவு தட்டையா இருக்காது. கார்ல ஷாக், பேட்டரி, மோட்டார், ரிசீவர் எல்லாம் ரேஸ்ல இருக்கற மாதிரியே இருக்கணும்.

வரிசை ஏன் முக்கியம்னா ஒண்ண மாத்தினா இன்னொண்ணு நகரும். ரைட் ஹைட் (ride height, தரைக்கும் சேசிஸ் அடிக்கும் நடுவுல இருக்கற உயரம்) மாத்தினா கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியவோ சாயறது) மாறும், கேம்பர் மாத்தினா டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கறது) கொஞ்சம் மாறும். அதனால முதல்ல ரைட் ஹைட், அப்புறம் ட்ரூப், அப்புறம் கேம்பர், அப்புறம் டோ, திரும்ப ஒரு தடவை ரைட் ஹைட், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஆன்ட்டி ரோல் பார் மாட்டறது.

ரைட் ஹைட் 5 எம்எம்ம சுத்தி வச்சுக்கோங்க, முன்னாடி 5.0ல இருந்து 5.2, பின்னாடி 5.2ல இருந்து 5.4. இதை மட்டும் செட்டப் வீல்ல (அளக்கறதுக்குன்னே மாட்டற வீல்) அளக்காதீங்க, ஓட்டப் போற டயர்லயே அளங்க, ஏன்னா ரப்பர் டயர் தேயத் தேய சின்னதாகும், புது செட் போட்டா கார் உயரும். கார்பெட்ல அரை எம்எம் நல்லாவே தெரியும், உயரமான கார்தான் முதல்ல உருளும். ஆனா ரொம்பத் தாழ்த்தினா சேசிஸ் கார்பெட்ல தட்டி திடீர்னு க்ரிப் விட்டுப் போகும், சேசிஸ் அடியில புதுசா கோடு விழுந்திருக்கான்னு ஒவ்வொரு ரன்னுக்கு அப்புறமும் திருப்பிப் பாருங்க.

ட்ரூப்னா கார் நிக்கற நிலையில இருந்து வீல் இன்னும் எவ்வளவு கீழ இறங்கும்ங்கறது. சேசிஸ தூக்கிக்கிட்டே வந்து வீல் போர்ட விட்டுக் கிளம்பற அந்த நொடியில உயரத்தை அளந்து ரைட் ஹைட்ட கழிச்சா அதுதான் ட்ரூப். முன்னாடி 2ல இருந்து 2.5 எம்எம், பின்னாடி 2.5ல இருந்து 3 எம்எம், இந்த இடத்துல ஆரம்பிச்சா தப்பு வராது. இடது வலது வித்தியாசம் 0.1 எம்எம்முக்கு மேல விடாதீங்க, இதுல மட்டும் சோம்பேறித்தனம் கூடவே கூடாது. முன் ட்ரூப் குறைச்சா ஆக்சிலரேட்டர் குடுக்கும்போது முன்பக்கம் தூக்காது, வளைவு முடிச்சு வெளிய வரும்போது ஸ்டியரிங் கிடைக்கும். பின் ட்ரூப் அதிகமாக்கினா பிரேக் அடிக்கும்போது எடை முன்னாடி நல்லா சாயும், வளைவுக்குள்ள நுழையும்போது ஸ்டியரிங் கிடைக்கும், ஆனா பின்பக்கம் லேசாகி சுத்தவும் பாக்கும்.

கேம்பர் நாலு வீலுக்கும் மைனஸ் 1.5ல இருந்து மைனஸ் 2 டிகிரி. பின் டோ இன் ஒரு பக்கத்துக்கு 3 டிகிரி, இது பெரும்பாலும் ஆர்ம் மவுன்ட்லயே வந்துரும். முன்னாடி டோ அவுட் 0ல இருந்து 1 டிகிரிக்குள்ள. கேஸ்டர், அதாவது முன் வீல் திரும்பற அச்சு பின்பக்கம் சாஞ்சிருக்கற கோணம், 4 டிகிரி பக்கம். டர்ன்பக்கிள் (லிங்க் நீளத்தை மாத்தற, ரெண்டு முனையிலயும் மரை இருக்கற கம்பி) எல்லாத்தையும் இடது மரை ஒரே பக்கம் வர்ற மாதிரி மாட்டிக்கோங்க, அவசரத்துல எந்தப் பக்கம் திருப்பினா நீளும்னு யோசிக்க வேண்டியிருக்காது. ரெண்டு பக்க லிங்க் நீளத்தையும் காலிப்பர்ல ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் கேஜ்ல பாருங்க. நீளம் ஒண்ணா இருந்தும் கேம்பர் வித்தியாசமா வந்தா எங்கயோ ஒரு பார்ட் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், லிங்க்க நீட்டிச் சரிக்கட்டாம அந்தப் பார்ட்ட தேடுங்க.

ட்வீக், கார்பெட்ல இதுதான் எல்லாம்

ட்வீக்னா சேசிஸோ சஸ்பென்ஷனோ முறுக்கிக்கிட்டு நாலு வீல்லயும் எடை சரியா விழாம இருக்கறது. ஒரு கால் குட்டையா இருக்கற ஸ்டூல் மாதிரி கார் மூலைக்கு மூலை ஆடும். க்ரிப் ஜாஸ்தி ஆக ஆக இது அப்பட்டமா தெரியும், ஒரு பக்க வளைவுல மட்டும் உருளற கார், நேரா ஃபுல் த்ராட்டில்ல போகும்போது ஒரு பக்கம் இழுக்கற கார், பிரேக் அடிச்சா ஒரே பக்கம் சுத்தற கார், எல்லாத்துக்கும் நான் முதல்ல பாக்கறது ட்வீக்தான்.

சேசிஸ்ல ஆரம்பிங்க. டாப் டெக் (சேசிஸுக்கு மேல வர்ற தகடு) ஸ்க்ரூ எல்லாத்தையும் கால் சுத்து லூஸ் பண்ணி, வீல் எல்லாம் கழட்டி சேசிஸ வெறும் போர்டு மேல வச்சு, நாலு மூலையையும் விரலால அழுத்திப் பாருங்க. எந்த மூலையும் டக்குனு அடிக்கக் கூடாது. அப்படியே தட்டையா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரூவ குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க. ஒவ்வொரு பெரிய அடி வாங்கினப்புறமும் இதைப் பண்ணணும், ட்ராக் ஓரப் பலகையில முட்டின கார் பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள முறுக்கிட்டிருக்கும்.

அடுத்தது எடை. சேசிஸ் நடுக்கோட்டுல முன்னாடி ஒரு துளை பின்னாடி ஒரு துளை இருக்கும், அதை ரெண்டு முனையான ஸ்டாண்ட் மேல நிறுத்தினா கார் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். பேட்டரி ஒரு பக்கம், மோட்டார் இன்னொரு பக்கம்னு இருக்கறதால அப்படியே விட்டா சமமா வராது, இஎஸ்சி (மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்தற கருவி), ரிசீவர் இடத்தை மாத்திப் பாருங்க, பத்தலன்னா லேசான பக்கம் பித்தளை எடை ஒட்டுங்க. மொத்த எடைக்கு உங்க கிளாஸோட ரூல்ல குறைந்தபட்சம் ஒண்ணு இருக்கும், அதுக்குக் கீழ போகாம அதே நேரம் அதுக்கு ரொம்ப மேலயும் போகாம பாத்துக்கோங்க. எடை சேக்கணும்னா எப்பவும் தாழ்வா, நடுவுக்குப் பக்கமா.

இப்ப வீல், ஷாக் எல்லாம் மாட்டி, ஆன்ட்டி ரோல் பார் இன்னும் மாட்டாம, கார போர்டுல வச்சு முன் பம்பருக்குக் கீழ சரியா நடுக்கோட்டுல ஒரு கத்தி முனைய விட்டு மெதுவா தூக்குங்க. முன் வீல் ரெண்டும் ஒரே நேரத்துல போர்ட விட்டுக் கிளம்பணும். இடது முன் வீல் முதல்ல கிளம்புதுன்னா முன்னாடி ஸ்ப்ரிங்ல கை வைக்காதீங்க, முன்பக்கத்தை ஒரே முனையில தூக்கும்போது கார் எந்தப் பக்கம் சாயணும்னு முடிவு பண்றது பின் ஸ்ப்ரிங்தான். பின் இடது ஸ்ப்ரிங்ல ப்ரீலோட் (ஸ்ப்ரிங்க முன்கூட்டியே அமுக்கி வச்சிருக்கற அளவு) ஜாஸ்தின்னா கார் வலது பக்கம் சாஞ்சு இடது முன் வீல முதல்ல தூக்கிரும். அதனால பின் இடது காலர (ப்ரீலோட் மாத்த ஷாக்ல திருகற வளையம்) கால் சுத்து லூஸ் பண்ணி, பின் வலது காலர அதே கால் சுத்து டைட் பண்ணி மறுபடி பாருங்க, ரெண்டையும் சேத்து மாத்தினாத்தான் ரைட் ஹைட் நகராது. முன்பக்கம் சரியானதும் பின்னாடி தூக்கிப் பாருங்க, அப்ப கணக்கு முன் ஸ்ப்ரிங்ல.

கடைசியா ஆன்ட்டி ரோல் பார். முன்னாடி 1.2, 1.3 எம்எம், பின்னாடி அதே இல்ல ஒரு படி மெல்லிசு. பார் தன்னோட மவுன்ட்டுக்குள்ள ஆடாமலும் சிக்காமலும் சுத்தணும். ஒரு பக்க வீல மேல தூக்கி அடுத்த பக்க ஆர்ம் எப்ப நகர ஆரம்பிக்குதுன்னு பாருங்க, அப்புறம் மறுபக்கம் தூக்கிப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கற வரைக்கும் லிங்க் நீளத்தை மாத்துங்க. பார் மாட்டினப்புறம் கத்தி டெஸ்ட்ட திரும்பப் பண்ணணும், முன்னாடி நல்லா வந்த கார் இப்ப கோணலாச்சுன்னா தப்பு பார் லிங்க்லதான்.

டயர்

கார்பெட்ல லாப் டைம்ல பெரிய பங்கு டயர் தயார் பண்றதுலதான் இருக்கு. பெரும்பாலான ரேஸ்ல எல்லாருக்கும் ஒரே டயர்தான், ரிம்ல ஒட்டியே வரும், அதனால எந்த டயர்ங்கற கேள்வி இல்ல, அதை எப்படி நடத்தறீங்கங்கறதுதான் கேள்வி.

ரன் முடிஞ்சதும் டயர க்ளீனர் தொட்ட துணியில துடைங்க, கார்பெட் நாரும் பழைய கறுப்பும் போற வரைக்கும். அடுத்து அடிட்டிவ், நம்ம ஆளுங்க சாஸ்னு சொல்றது. எந்த அடிட்டிவ் அனுமதிங்கறது ஒவ்வொரு ட்ராக்குக்கும் வேற, நிறைய இண்டோர் ட்ராக்ல வாசனை இல்லாதது மட்டும்தான் விடுவாங்க, முதல்லயே கேட்டுக்கோங்க. பின் டயருக்கு முழு அகலமும் தடவுங்க, முன் டயருக்கு உள்பக்க பாதி மட்டும். 15 நிமிஷம் விட்டுட்டு மேல ஈரப் பளபளப்பு போனதும் துடைச்சுட்டு ஓட்டுங்க. முன் டயர்ல எவ்வளவு அகலம் தடவறீங்கங்கறதுதான் உங்க கையில இருக்கற வேகமான செட்டப் கருவி, ஸ்டியரிங் ஜாஸ்தியா இருந்தா மூணுல ஒரு பங்காக்குங்க, பத்தலன்னா முக்கால் பங்காக்குங்க, ஒரு ஸ்க்ரூ கூட தொட வேண்டியதில்ல. கையில க்ளவுஸ் போட்டுக்கோங்க, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க, இந்த அடிட்டிவ் எல்லாம் தோல்ல படறதுக்கு நல்ல சமாச்சாரம் இல்ல.

அப்புறம் சைட்வால் க்ளூ. முன் டயரோட வெளிப்பக்க சைட்வால்ல மெல்லிசான சிஏ க்ளூவ (சூப்பர் க்ளூ) ஒரு வளையமா தடவி காய விடுங்க, காஞ்சதும் இன்னொரு கோட். கார் சாயும்போது டயர் ஓரம் மடங்கி கார்பெட்ட கவ்வறதுதான் ட்ராக்ஷன் ரோலுக்கு முதல் காரணம், இந்தக் கெட்டியான ஓரம் கவ்வாம வழுக்கும். ட்ரெட் ஆரம்பிக்கற விளிம்பு வரைக்கும் வரணும், ட்ரெட் மேல ஏறக் கூடாது. க்ரிப் பயங்கரமா இருக்கற ட்ராக்ல பின் டயருக்கும் பண்ணலாம். டயர் தேயத் தேய க்ளூ விளிம்பும் போயிடும், ரெண்டு மூணு ரன்னுக்கு ஒரு தடவை பாத்து திரும்பப் போடுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு பண்ணுங்க, அந்தப் புகை கண்ண எரிக்கும்.

இன்னொண்ணு, காலையில இருக்கற ட்ராக் சாயங்காலம் இருக்காது. எல்லார் கார்ல இருந்தும் அடிட்டிவும் ரப்பரும் கார்பெட்ல ஏற ஏற க்ரிப் கூடிக்கிட்டே போகும், ரேசிங் லைன்ல மட்டும் ஒரு கறுப்புப் பாதை விழும். காலையில முன்பக்கம் திரும்பலன்னு ஷிம் எல்லாம் கழட்டி மாத்தினவங்க சாயங்காலம் ஃபைனல்ல உருண்டுட்டு இருப்பாங்க. முதல் ரெண்டு ப்ராக்டிஸ்ல கார் கொஞ்சம் மந்தமா இருந்தா அப்படியே விடுங்க.

பாடி, கியர், ரேடியோ

பாடி எவ்வளவு முன்னாடி உக்காருதோ அவ்வளவு முன் க்ரிப், வீல் ஆர்ச்ல டயர் தட்டாத வரைக்கும் முன்னாடி தள்ளலாம். எவ்வளவு தாழ்வா உக்காருதோ அவ்வளவு நல்லது. ஆர்ச்ச பெருசா வெட்டுங்க, கார் சாயும்போது டயர் பாடிய கடிச்சுச்சுன்னா அது பாக்க அப்படியே ட்ராக்ஷன் ரோல் மாதிரியே இருக்கும், நீங்க ஷாக்க நோண்டிக்கிட்டு இருப்பீங்க. பாடி உள்பக்கம் டயர் உரசின கறுப்புக் கோடு இருக்கான்னு பாத்தா விஷயம் வெளிய வந்துரும். முன் ஓரத்துக்கு உள்ள கண்ணாடி நார் டேப் வச்சு ஷூ கூங்கற ரப்பர் பசைய தடவி விடுங்க, பாடி கிழியாம நாள் ஓடும்.

கியரிங்ல எஃப்டிஆர்னு (ஃபைனல் ட்ரைவ் ரேஷியோ) ஒரு நம்பர்தான் எல்லாரும் பேசுவாங்க. ஸ்பர் பல்ல பினியன் பல்லால வகுத்து, காரோட இன்டர்னல் ரேஷியோவால (உள்ள இருக்கற பெல்ட் புல்லிகளோட விகிதம்) பெருக்கணும். ஸ்பர் 100, பினியன் 50, இன்டர்னல் 1.9ன்னா 2 பெருக்கல் 1.9, எஃப்டிஆர் 3.8. நம்பர் சின்னதாக ஆக டாப் ஸ்பீட் கூடும், மோட்டார் சூடும் கூடும், வளைவுல இருந்து கிளம்பற பஞ்ச் குறையும். 17.5 டி (காயிலோட சுத்து எண்ணிக்கை) மோட்டார், டைமிங் பூஸ்ட் இல்லாத ப்ளிங்கி இஎஸ்சின்னா நடுத்தர ட்ராக்ல 4க்குப் பக்கத்துல ஆரம்பிச்சு, அதே மோட்டார் ஓட்டற ஆளுங்ககிட்ட கேட்டு ஒவ்வொரு பல்லா நகருங்க. ரன் முடிஞ்ச உடனே டெம்பரேச்சர் கன்ல மோட்டார பாருங்க, 70 டிகிரி தாண்டுச்சுன்னா பினியன் பல்லு குறைங்க, இல்ல எண்ட் பெல்ல (மோட்டாரோட பின்மூடி) இருக்கற டைமிங்க இறக்குங்க. சூடான மோட்டார் ரேஸ் பாதியிலயே மந்தமாயிடும்.

ரேடியோல முதல்ல சப் ட்ரிம்ம (ஸ்டியரிங்கோட நடு நிலைய நுணுக்கமா நகர்த்தற செட்டிங்) பூஜ்யத்துல வச்சு சர்வோ ஹார்ன நேரா மாட்டுங்க, மிச்சம் இருக்கறத மட்டும் சப் ட்ரிம்ல சரி பண்ணுங்க. இடது வலது எண்ட் பாயிண்ட்ட (அந்தப் பக்கம் எவ்வளவு திரும்பலாம்ங்கற எல்லை) தனித்தனியா வச்சு ரெண்டு பக்கமும் வீல் ஒரே டிகிரி திரும்பணும். அப்புறம் ட்ராக்ல டூயல் ரேட்ட (மொத்த ஸ்டியரிங் அளவை ரேடியோவிலயே குறைக்கற செட்டிங்) இறக்கிக்கிட்டே வாங்க, இருக்கறதுலயே டைட்டான ஹேர்பின் திரும்பற அளவு மட்டும் வச்சுக்கோங்க, அதுக்கு மேல இருக்கற ஸ்டியரிங் எல்லாம் ஸ்பீட குடிக்கும், கார உருட்டும்.

ட்ராக்ல என்ன பாக்கணும்

ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மாத்துங்க, குறைஞ்சது பத்து லாப் ஓட்டுங்க, பெஸ்ட் லாப்ப பாக்காதீங்க, சராசரிய பாருங்க. ஒரு லாப் வேகமா வந்து நாலு லாப் ட்ராக் ஓரப் பலகையில முட்டற கார் வேகமான கார் இல்ல.

கார் உருளுதுன்னா என்னோட வரிசை இது. முன் டயர் க்ளூ தேஞ்சிருக்கான்னு முதல்ல, அடுத்து முன் சாஸ் அகலம் குறைக்கறது, அடுத்து டூயல் ரேட், அடுத்து ரைட் ஹைட் 0.2 எம்எம் இறக்கறது. இதுல எதுவும் கேக்கலன்னாத்தான் முன் ஸ்ப்ரிங் ஒரு படி கெட்டி, அதுக்கும் அப்புறம் ரோல் சென்டர். ஆர்ம் மவுன்ட்டுக்குக் கீழ அரை எம்எம் ஷிம் போட்டு உள்பக்க பின்ன உயர்த்தினா ரோல் சென்டர் உயரும், கார் சாயறது குறையும், ஆனா ஸ்டியரிங்குக்கு பதில் வெடுக்குனு வரும், மென்மையா ஓட்டறவங்களுக்கு முதல்ல பயமா இருக்கும். மேல் லிங்க்கோட உள்முனைக்குக் கீழ இருக்கற ஷிம்ம எடுத்தாலும் ரோல் சென்டர் உயரும், அதோட கார் சாயும்போது கேம்பர் மாறறதும் கூடும். மாத்தினப்புறம் கேம்பர திரும்ப அளக்கணும்.

வளைவுக்குள்ள நுழையும்போது பின்பக்கம் விட்டுப் போகுதுன்னா பின் ட்ரூப் 0.2, 0.3 எம்எம் குறைங்க, இல்ல பின் ஸ்ப்ரிங் ஒரு படி மென்மையா போடுங்க. டிஃப் ஆயில் கெட்டி பண்ணினாலும் பிரேக்ல கார் நிதானமா இருக்கும், ஆனா த்ராட்டில் குடுக்கும்போது பின்பக்கம் சீக்கிரமா சுழலும், அதனால நான் டிஃப்ப கடைசியாத்தான் தொடுவேன். பிரேக்ல மட்டும் இந்தப் பிரச்சனைன்னா இஎஸ்சில ட்ராக் (drag) பிரேக்க, அதாவது த்ராட்டில விட்டதும் தானா பிடிக்கற பிரேக்க, குறைச்சுப் பாருங்க, கார்ல ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். வெளிய வரும்போது முன்பக்கம் அகலமா ஓடுதுன்னா முன் ட்ரூப் குறைக்கறது, முன் சாஸ் அகலம் கூட்டறது. வளைவோட நடுவுல மட்டும் திரும்பலன்னா முன் ஸ்ப்ரிங் மென்மையாக்கிப் பாருங்க, க்ரிப் ரொம்ப ஜாஸ்தி இருக்கற ட்ராக்ல இதை மட்டும் யோசிச்சுப் பண்ணுங்க, உருளற பக்கம் இழுத்துட்டுப் போகும்.

முன்னாடி நல்லா ஓடின கார் திடீர்னு மாறிடுச்சுன்னா செட்டப்ப தொடாதீங்க. ஏதோ உடைஞ்சிருக்கு, வளைஞ்சிருக்கு, இல்ல லூஸ் ஆயிருக்கு. போர்டுல வச்சு கத்தி டெஸ்ட், ட்ரூப், கேம்பர், இந்த மூணையும் பாத்தா பெரும்பாலும் மாட்டிக்கும்.

கார்பெட்டோட நார் எங்க பாத்தாலும் புகுந்துக்கும். ட்ரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்ல, வீல் ஆக்சில்ல பேரிங்குக்கும் ஹெக்ஸுக்கும் நடுவுல, மோட்டார் ஷாஃப்ட்ல முடி மாதிரி சுத்திக்கும், ஒவ்வொரு ரன்னுக்கு அப்புறமும் ட்வீசர்ல எடுத்துடுங்க, விட்டா பேரிங் சீல் உள்ள போய் அதோட கதை முடிஞ்சுரும். சேசிஸோட கீழ் விளிம்பு கூரா இருந்தா கார்பெட்ல மாட்டும், மெல்லிசான உப்புத்தாள்ல விளிம்ப உருட்டி, கார்பன் சேசிஸா இருந்தா சிஏ க்ளூ ஓட விட்டு அடைச்சுருங்க. கார்பன தேய்க்கும்போது தண்ணி தொட்டுத் தேய்ங்க, அந்தத் தூசி மூச்சுல போகக் கூடாது.

பேட்டரிய 8.4 வோல்ட்டுக்கு மேல சார்ஜ் பண்ணாதீங்க, லிப்போ பைக்குள்ள வச்சு, கண் பார்வையில வச்சு பண்ணுங்க, ரேஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் 7.6 வோல்ட் பக்கம் ஸ்டோரேஜ்ல வச்சுடுங்க. டிஃப்ப ரேஸுக்கு ரேஸ் திறந்து பாருங்க, கசிஞ்சு ஆயில் குறைஞ்சிருந்தா கார் நாளுக்கு நாள் வேற மாதிரி ஓடும், ஊத்தும்போது சின்ன எடைக் கருவியில டிஃப்ப வச்சு எத்தன கிராம் ஆயில்னு குறிச்சு வச்சுக்கிட்டா அடுத்த தடவையும் அதே டிஃப் கிடைக்கும்.